கரி டிரம் மாட்டிய பஸ் 1912-இல் ஓடியிருக்காது

தஞ்சாவூர்–புதுக்கோட்டைச் சாலையில் இருக்கும் நம் ஆதனக்கோட்டையின் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

சிங்கப்பூர் சித்தப்பா அனுப்பிய படத்துக்கு இதுவரை வந்த பதில்கள் எல்லாம் 'அருமை', 'நம் ஊருக்குப் பெருமை' என்றே இருக்கின்றன. படம் அருமைதான், மறுக்கவில்லை. புளியமரம், அதன் நிழலில் பஸ், பஸ்ஸுக்கு முன்னால் தலைப்பாகையும் துண்டுமாக ஐந்தாறு பேர், எல்லோர் முகத்திலும் கல்யாண வீட்டுக் களை. அதன் கீழே 'தமிழ்நாட்டின் முதல் பஸ், 1912' என்று எழுதியிருப்பதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. சித்தப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "எனக்கு மட்டும் சொன்னால் போதுமா, குழுவுக்கு எழுதுடா" என்றார். அவர் உத்தரவின்பேரில் எழுதுகிறேன்.

படத்தைக் கணினியில் பெரிதாக்கி, பஸ்ஸின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு டிரம் நிற்கிறது. அதிலிருந்து ஒரு குழாய் வண்டியின் அடிவயிற்றை ஒட்டி முன்னால் போகிறது. அது தண்ணீர்த் தொட்டி அல்ல. கரி வாயு உலை. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. அப்போது அடுப்புக்கரியைக் காற்று குறைவாகக் கொடுத்து எரித்து, அதில் வரும் வாயுவைச் சுத்தம் செய்து, அதைக்கொண்டே எஞ்சினை ஓட்டினார்கள். டி.வி.எஸ். நிறுவனமே இந்த உலைகளைச் செய்து விற்றது. விடியற்காலையில் கரியைக் கொட்டிப் பற்ற வைத்து, விசிறியைக் கையால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வாயு பக்குவத்துக்கு வந்த பிறகுதான் எஞ்சின் உயிர் பிடிக்கும். பெட்ரோலில் கிடைக்கும் இழுவை இதில் கிடைக்காது. 'மேட்டில் இறங்கித் தள்ளினோம்' என்று நம் தாத்தாக்கள் சொன்ன கதையெல்லாம் இந்தக் கரி பஸ் காலத்துக் கதையாகத்தான் இருக்க வேண்டும்.

சக்கரமும் அதையே சொல்கிறது. நான் முப்பது வருடங்களுக்கு மேல் லாரிப் பட்டறையில் காலம் தள்ளியவன். முகங்களை மறப்பேன், சக்கரத்தை மறக்க மாட்டேன். 1912-ஐ ஒட்டிய கனரக வண்டி என்றால் மரத்தாலான தடித்த ஆரக்கால்கள் இருக்கும். பெரும்பாலும் காற்று இல்லாத கெட்டி ரப்பர் டயர் இருக்கும். முன்விளக்கு கார்பைடு விளக்காக இருக்கும். இந்தப் படத்தில் இருப்பது தகட்டுச் சக்கரம், காற்றடைத்த டயர், மின்விளக்கு. 1940-களின் முதல் பாதி என்று நான் கையெழுத்துப் போட்டுத் தருவேன். 'முதல் பஸ்' என்ற பட்டம் போனாலும் நஷ்டமில்லை. பெட்ரோல் பஸ் படம் எங்கும் கிடைக்கும். கரி உலை இவ்வளவு தெளிவாகத் தெரியும் படத்தை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

ஆனால் 1912 என்ற வருடம் வெறும் ஊர்ப்பேச்சு அல்ல. அந்த வருடம்தான் டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்கார் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே பஸ் விட்டார். மதுரையில் தொழில் தொடங்கிய மனிதர் தம் பஸ்ஸை ஓட்ட இந்தச் சாலையை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று இளைய பிள்ளைகள் கேட்கிறார்கள். ரயில்வே அட்டவணையைப் பார்த்தால் பாதி விடை கிடைக்கும். தஞ்சாவூருக்கு 1861-லேயே ரயில் வந்துவிட்டது. புதுக்கோட்டைக்கு 1929 வரை ரயில் கிடையாது. ஒரு சமஸ்தானத்தின் தலைநகரம். கோர்ட்டுக் கச்சேரி, கல்லூரி, அரண்மனை எல்லாம் உண்டு. தஞ்சாவூரில் ரயிலை விட்டு இறங்கினால் சுமார் 35 மைல் மாட்டுவண்டி. ராத்திரி பூட்டினால் மறுநாள்தான் போய்ச் சேரலாம். வழக்குக்குப் போகிறவரும் துணி வியாபாரியும் பரீட்சை எழுதப் போகும் பையனும் டிக்கெட் வாங்கத் தயாராக இருந்த சாலை இது. ரயில் வரும் வரை பதினேழு வருடங்கள் மோட்டார் வண்டிக்குப் போட்டியாக மாடும் குதிரையும் மட்டுமே இருந்தன. ரயில் வந்தபோதும் திருச்சி வழியாகத்தான் வந்தது. கந்தர்வகோட்டையும் நம் ஊரும் பெருங்களூரும் இன்றுவரை ரயில் தண்டவாளம் பார்க்காத ஊர்கள். அதனால்தான் நம் ஊரில் இப்போதும் எதற்கும் 'மெயின் ரோட்டுக்குப் போ' என்கிறார்கள்.

இன்னொன்றும் மறந்துவிடக் கூடாது. அந்த பஸ் இரண்டு ஆட்சிகளுக்கு நடுவே ஓடியது. கந்தர்வகோட்டை வெள்ளைக்காரன் ஆண்ட தஞ்சாவூர் ஜில்லா. அதைத் தாண்டித் தெற்கே வந்தால் தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட புதுக்கோட்டைச் சமஸ்தானம். சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது 1948 மார்ச்சில். கந்தர்வகோட்டை நம் பக்கம் சேர்ந்தது 1974-இல் புதுக்கோட்டை மாவட்டம் பிறந்தபோதுதான். ஆகவே உங்கள் வீட்டுப் படத்தில் எங்காவது அறிவிப்புப் பலகையோ முத்திரையோ தெரிந்தால், அது எந்த அரசாங்கத்துடையது என்று பாருங்கள். வருடம் தானாக வந்து விழும்.

நம் சாலையின் கதைக்காகச் சேர்க்கும் படங்களில் நமக்கு வேண்டியது பஸ் படம் மட்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பஸ்ஸுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளக் காசு வைத்திருந்தவர்கள் அந்தக் காலத்தில் எத்தனை பேர்? சாலை நமக்குக் கிடைக்கப்போவது வேறு படங்களின் ஓரத்தில்தான். மாப்பிள்ளை ஊர்வலம், கடை திறப்பு, கோயில் கொடை, பள்ளிக்கூடத்துக் குழுப் படம் இவற்றில் நடுவில் நிற்பவர்களை விட்டுவிட்டு நான்கு மூலைகளையும் பாருங்கள்.

உதாரணத்துக்குக் கோலாலம்பூர் அத்தை அனுப்பிய படம். அவர் அதைத் தயங்கித் தயங்கி அனுப்பினார். 'இதில் வண்டியே இல்லையே' என்றார். மரத்தடியில் ஒரு காளையைக் கயிறு போட்டுச் சாய்த்துப் படுக்க வைத்து, நான்கு கால்களையும் சேர்த்துக் கட்டி, ஒருவர் லாடம் அடிக்கிறார். பக்கத்தில் சாக்குத் துணியின்மேல் லாடங்கள், அதன் அருகே ஒரு சிறங்கை ஆணி. என்னைக் கேட்டால் இதைவிடச் சிறந்த மோட்டார் சாலைப் படம் கிடையாது. அந்த நாளில் மோட்டாருக்கென்று யாரும் சாலை போடவில்லை. வண்டிமாடு நடந்த செம்புறாங்கல் சரளைச் சாலையில்தான் மோட்டாரும் ஓடியது. இரும்புப் பட்டை போட்ட வண்டிச் சக்கரம் சாலையை உழுதது. மாட்டு லாடத்திலிருந்து கழன்ற ஆணி பஸ் டயரைக் கிழித்தது. இந்த ஆணிகளைப் பொறுக்குவதற்காகவே காந்தம் பொருத்திய வண்டி ஒன்றை டி.வி.எஸ். சாலையில் ஓட்டியது என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். நேரத்துக்கு பஸ் போக வேண்டும் என்றால் முதலில் சாலையைக் கூட்ட வேண்டியிருந்தது! அத்தையின் படத்தில் அந்த ஆணியே இருக்கிறது.

காலத்தைக் கணிக்க உதவும் வேறு சில அடையாளங்களையும் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூருக்குத் தெற்கே புது ஆற்றுப் பாலம் படத்தில் தெரிந்தால், அது 1930-களுக்கு முந்தியதாக இருக்க முடியாது. புது ஆறு என்பது கல்லணைக் கால்வாய்தான்; அது மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்தது. மேட்டூர் அணை முடிந்தது 1934-இல். லாரியின் முகத்தில் மூன்று கை நட்சத்திரம் இருந்தால் அது டாடா-பென்ஸ். 1954-க்குப் பிறகு வந்தது. அந்தக் கூட்டு 1969-இல் முடிந்தது, ஆனால் வண்டிகள் அதற்குப் பிறகும் பல வருடங்கள் ஓடின. எனவே நட்சத்திரத்தை வைத்து 'இதற்கு முன் இல்லை' என்று சொல்லலாம், 'இதற்குப் பின் இல்லை' என்று சொல்லக் கூடாது. தோஹா தம்பி தன் தாத்தாவின் படத்தை 1950 என்று எழுதியிருக்கிறான். பின்னால் நிற்கும் லாரியின் நட்சத்திரம் அதை அனுமதிக்கவில்லை. கல்லில் கிலோமீட்டர் கணக்கு இருந்தால் 1960-களுக்கு வந்துவிட்டோம் என்று பொருள்.

கல் என்றதும் இந்த மடலை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன். சித்தப்பாவின் படத்தில் வலது ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவரின் முழங்காலுக்குப் பின்னால் ஒரு மைல்கல் தலையை நீட்டுகிறது. யாரும் கவனிக்கவில்லை. புதுக்கோட்டை வட்டாரத்தில் ரோமன் எண்ணும் தமிழ் எண்ணும் சேர்த்துப் பொறித்த பழைய மைல்கற்கள் சில கிடைத்திருக்கின்றன. இதுவும் அந்த ஜாதிக் கல்தான். பெருக்கல் குறி போன்ற ரோமன் பத்து ஒன்று சுத்தமாகத் தெரிகிறது. அடுத்த எழுத்து பெரியவரின் வேட்டிக்குப் பின்னால் மறைந்துவிட்டது. அதுவும் பெருக்கல் குறியாக இருந்தால் இருபதுக்கு மேல். கல் தஞ்சாவூரிலிருந்து அளந்தது. கோடாக இருந்தால் பன்னிரண்டு, பதின்மூன்று, புதுக்கோட்டையிலிருந்து அளந்தது. நம் ஊர் எல்லைக்கு இரண்டுமே பொருந்தும். தஞ்சாவூர்க் கணக்கு என்றால் வெள்ளைக்கார ஜில்லா தன் அளவையைச் சமஸ்தானத்துக்குள்ளும் கொண்டுவந்து நட்டிருக்கிறது. புதுக்கோட்டைக் கணக்கு என்றால் தொண்டைமான் சர்க்கார் தன் சாலையைத் தானே அளந்திருக்கிறது. ஒரு வேட்டி மடிப்பு நமக்கு வழி மறித்துக்கொண்டு நிற்கிறது.

கீழே தமிழ் எண்ணின் ஒரு வளைவும் தெரிகிற மாதிரி இருக்கிறது. மாதிரிதான். சித்தப்பா அனுப்பியது படத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப் வழியாக வந்த பிரதி. வாட்ஸ்அப் அதைச் சுருக்கி, நுணுக்கத்தையெல்லாம் தின்றுவிட்டது. அதன் பிறகு யாரோ ஒரு பிள்ளை அதற்கு வர்ணம் பூசி, முகங்களைத் துலக்கி மறுபடி குழுவில் போட்டிருக்கிறது. தயவுசெய்து அந்த வேலையைச் செய்யாதீர்கள். அந்தச் செயலி இல்லாத கண்ணிமையை வரைந்து கொடுக்கும். இருக்கிற எழுத்தை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடும். வர்ணப் படத்தில் மைல்கல்லே இல்லை, கவனித்தீர்களா? அதற்குப் பதிலாக ஒரு புதர் முளைத்திருக்கிறது.

படம் வைத்திருப்பவர்கள் ஸ்கேனரில் 600 புள்ளி அடர்த்தியில் (600 dpi) எடுத்து, சுருக்காமல் மின்னஞ்சலில் அனுப்புங்கள். ஓரத்தை வெட்டாதீர்கள். பின்பக்கத்தையும் எடுங்கள், ஸ்டூடியோ முத்திரையும் பென்சில் கிறுக்கலும் அங்கேதான் இருக்கும். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிரிக்க முயல வேண்டாம். முகம் கண்ணாடியோடு போய்விடும். அப்படியே சாய்வெளிச்சத்தில் எடுத்தால் போதும். 'தாத்தா, 1912' என்பது போல வீட்டில் யாராவது பிற்காலத்தில் எழுதியதையும் அழிக்க வேண்டாம். அது தவறாக இருந்தாலும் யார் எழுதியது என்று தெரிந்தால் அதற்கும் ஒரு பயன் உண்டு.

சித்தப்பாவுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். இந்தப் படத்தின் இன்னொரு பிரதி பெருங்களூர்ப் பெரியம்மா வீட்டு மச்சில், பழைய தகரப் பெட்டியில் இருப்பதாக நீங்கள் ஒருமுறை சொன்னீர்கள். அன்று புகைப்படக்காரர் ஒரே ஒரு படம் எடுத்துவிட்டுப் போயிருக்க மாட்டார். அடுத்த படத்தில் அந்தப் பெரியவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்திருந்தால் நமக்குப் போதும். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் யாராவது பெரியம்மாவிடம் கேட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள்; நானும் அவரிடம் பேசிவைக்கிறேன். ஊரில் இருக்கும் தம்பிகள் சாலை அகலப்படுத்தியபோது பிடுங்கிப் போட்ட கற்கள் யார் வீட்டு வாசலிலாவது துணி துவைக்கும் கல்லாகக் கிடக்கிறதா என்று விசாரிக்கவும். கிடைத்தால் மாவைத் தூவிப் படம் எடுங்கள், சுண்ணாம்பு அடித்துவிடாதீர்கள்.

அன்புடன்,
மேலத்தெரு பட்டறைக்காரன்
மெல்பர்ன்