வீட்டுக் கடன் ஏஜென்ட் உண்மையைச் சொன்னால் பிழைக்க முடியுமா?

சேலையூர் வாடகைக்காரன்:
50 லட்சத்துக்கு ஒரு தனி வீடு பார்த்து 1 லட்சம் டோக்கனும் கொடுத்தாயிற்று. ஏஜென்ட் 40 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 30 வருஷம், மாதம் 30,757 ரூபாய் என்று முடித்துவிட்டார். 20 வருஷம் என்றால் 34,713 என்பதை ராத்திரி நானே உட்கார்ந்து கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடித்தேன். மாதம் நாலாயிரம் குறைவதற்கு மொத்தத்தில் 27 லட்சம் கூடுதல் வட்டி! இதைச் சொல்வது அவர் கடமை இல்லையா?

தாம்பரம் ஏஜென்ட்:
சார், எங்களிடம் நீங்கள் வருவதே டோக்கன் கொடுத்த பிறகுதான். 45 நாளில் கிரயம் என்று பேசியும் முடித்திருப்பீர்கள். அந்த நேரத்தில் ‘உங்கள் சம்பளத்துக்கு இந்த வீடு அதிகம்’ என்றால் அடுத்த தெரு ஆளிடம் போய்விடுவீர்கள். எனக்குக் கமிஷன் தருவது வங்கி, அதுவும் கடன் பட்டுவாடா ஆனால்தான். 30 வருஷம் போட்டுக்கொண்டு நடுவில் அசலைக் கட்டினால் போயிற்று, அபராதம் கிடையாது.

ரிட்டயர்டு மேனேஜர்:
தம்பி, மாறும் வட்டிக் கடனுக்கு அபராதம் கிடையாது என்பது சரி. வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2012லேயே சொல்லிவிட்டது. ஆனால் ‘நடுவில் கட்டுகிறேன்’ என்றவர்களை நான் நிறையப் பார்த்தவன். போனஸ் வரும், கூடவே காதுகுத்தும் வரும். கமிஷன் யார் தருகிறார் என்று முதல் நாளே சொல்லிவிட்டு, இரண்டு கணக்கையும் ஒரே தாளில் எழுதிக் காட்டுவதில் உங்களுக்கு என்ன நஷ்டம்?

அதைவிடப் பெரிய விஷயம் பத்திரச் செலவு. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 50 லட்சத்துக்கு நாலரை லட்சம். வங்கி வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் தரும், அதில் இந்தச் செலவைச் சேர்க்க முடியாது. மீதி பத்து லட்சத்தையும் சேர்த்துக் கையில் பதினாலரை லட்சம் இருக்கிறதா என்று யாராவது கேட்டார்களா?

சேலையூர் வாடகைக்காரன்:
ஏஜென்ட் கேட்டார் சார். ‘இல்லை’ என்றதும் பர்சனல் லோன் ஃபாரத்தை நீட்டினார். கூடவே 1.2 லட்சம் பிரீமியத்தில், நான் இறந்தால் கடனை அடைக்கும் ஒரு இன்சூரன்ஸ், அந்தப் பிரீமியமும் கடனோடு சேர்த்து.

மடிப்பாக்கம் அக்கா:
இன்சூரன்ஸை மட்டும் திட்டாதீர்கள். என் தங்கை கணவர் 41 வயதில் போனார். அந்த வீடு இன்று அவள் பேரில் இருப்பதற்கு அந்தப் பாலிசிதான் காரணம்.

ரிட்டயர்டு மேனேஜர்:
பாலிசி வேண்டும் அம்மா, மறுக்கவில்லை. கடனில் சேர்த்தால் பிரீமியத்துக்கும் 30 வருஷம் வட்டி கட்ட வேண்டுமே! கடன் தொகைக்கே தனியாக டெர்ம் பாலிசி, அதாவது இறந்தால் மட்டும் பணம் தரும் காப்பீடு, எடுத்து வருஷா வருஷம் கட்டலாம். வங்கி தரும் பாலிசியையே எடுப்பது ‘கட்டாயம்’ என்று யாராவது சொன்னால் அதுதான் பொய். 2024 அக்டோபரிலிருந்து எல்லாச் செலவையும் சேர்த்து ஆண்டு வட்டி விகிதம் போட்ட விவரத் தாளை வங்கி கையெழுத்துக்கு முன் கொடுத்தாக வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

தாம்பரம் ஏஜென்ட்:
சரி சார், தாளில் எழுதித் தருகிறேன். ஆனால் ‘வாங்காதே’ என்று மட்டும் என் வாயால் சொல்லச் சொல்லாதீர்கள். அது என் வேலை இல்லை.

சேலையூர் வாடகைக்காரன்:
அப்படிச் சொல்ல ஒரு ஆளைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். டோக்கன் திரும்பி வருமா?

ரிட்டயர்டு மேனேஜர்:
‘கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்பும்’ என்று அக்ரிமென்டில் ஒரு வரி இருக்கிறதா பாருங்கள்.

சேலையூர் வாடகைக்காரன்:
அக்ரிமென்டே இல்லை சார். ஒரு வவுச்சரில் கையெழுத்து, அவ்வளவுதான்.