வெளிநாட்டுல முதல் பிரக்னன்ஸி, அனுபவம் உள்ளவங்க வழி சொல்லுங்க
ஹாய் சிஸ்டர்ஸ், எனக்கு இப்போ 7-வது வாரம், இங்க நானும் ஹஸ்பண்டும் மட்டும்தான். ஃபோன் பண்ணி கேட்டா ஸ்கேன் எல்லாம் 12 வாரம் கிட்டதான், மிட்வைஃப்தான் (பிரசவம் பாக்க பயிற்சி எடுத்தவங்க) பாப்பாங்கன்னு சொல்றாங்க, அதுவரைக்கும் எப்படி இருக்கறதுன்னு மனசு அடிச்சுக்குது. ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் தினமும் எடுக்கறேன். ஆனா எனக்கு தைராய்டு குறைவா சுரக்கற பிரச்சனை வேற இருக்கு, மாத்திரை டோஸ் ஆரம்பத்துலயே கூட்ட வேண்டி வரும்ங்கறதால தைராய்டு அளவு பாக்கற டிஎஸ்ஹெச் ப்ளட் டெஸ்ட்டுக்கு அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது, இத சொல்லி சீக்கிரமா அப்பாயின்ட்மென்ட் வாங்கினவங்க இருக்கீங்களா, யார்கிட்ட எப்படி பேசினீங்க? எனக்கு ப்ளட் குரூப் நெகட்டிவ், அவருக்கு பாசிட்டிவ், குழந்தையோட பாசிட்டிவ் ரத்தத்துக்கு எதிரா என் உடம்புல ஆன்டிபாடி உருவாகாம தடுக்கற ஆன்டி-டி ஊசி 28 வாரம் கிட்ட போடுவாங்கன்னு படிச்சேன், அத அவங்களே பாத்துப்பாங்களா இல்ல நாமதான் ஞாபகப்படுத்தணுமா? பழைய ரிப்போர்ட்லாம் அம்மாகிட்ட சொல்லி வாட்ஸ்அப்ல வாங்கி வச்சிட்டேன். தெரிஞ்சவங்க ப்ளீஸ் சொல்லுங்கப்பா.