மூணு டிக் விவகாரம்

*சேகர் சித்தப்பா* (பலமுறை அனுப்பப்பட்டது)
நாளை முதல் புதிய தகவல் தொடர்பு விதிமுறைகள் அமல்!! எல்லா அழைப்புகளும் பதிவு செய்யப்படும். வாட்ஸ்அப், பேஸ்புக் அனைத்தும் கண்காணிக்கப்படும். மூணு நீல டிக் வந்தால் அரசு பார்த்துவிட்டது. ரெண்டு நீலம் ஒரு சிவப்பு என்றால் நடவடிக்கை வரலாம். மூணும் சிவப்பு என்றால் கோர்ட் சம்மன்! அனைவருக்கும் பகிரவும்.

*லலிதா அத்தை*
அய்யய்யோ. நேத்து ஒரு கார்ட்டூன் போட்டேனே

*லலிதா அத்தை*
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

*அருண்*
அத்தை அதை ஏன் அழிச்சீங்க 😂 இது பழைய புரளி. பொய்னு அரசோட செய்திப் பிரிவான பிஐபியே பல தடவை சொல்லியாச்சு. சித்தப்பா, போன தேர்தலப்பவும் இதே மெசேஜை நீங்கதான் போட்டீங்க

*சேகர் சித்தப்பா*
வந்ததை அனுப்பினேன்டா. நெருப்பில்லாம புகையுமா?

*மது*
நெருப்பு இருக்கு சித்தப்பா, ஆனா வேற அடுப்புல. போனை ஒட்டுக்கேக்க சட்டத்துலயே இடம் இருக்கு. ஆனா கேட்டா உங்களுக்கு எந்தக் கலர்லயும் டிக் வராது. கேட்டு முடிச்ச பிறகும் சொல்ல மாட்டாங்க. நான் கவலைப்படறது அதுக்குத்தான்

*லலிதா அத்தை*
மது, போன மாசம் எனக்கு ஒருத்தன் போன் பண்ணி "உங்க நம்பரை என்ஐஏ கண்காணிக்குது, வீடியோ காலை கட் பண்ணாதீங்க, டிஜிட்டல் அரெஸ்ட்"னானே. யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு, பின்னாடி கொடியெல்லாம் வச்சு உக்காந்திருந்தான். இவர் வந்து போனைப் பிடுங்கி வச்சதால தப்பிச்சேன்

*மது*
அத்தை, டிஜிட்டல் அரெஸ்ட்னு சட்டத்துல ஒண்ணுமே கிடையாது. நிஜமா கண்காணிக்கறவன் போன் பண்ணி உங்ககிட்ட சொல்லுவானா? சொன்னாலே ஃப்ராடு. சைபர் மோசடிக்கான 1930 நம்பருக்கு அடிச்சு புகார் குடுங்க

*பெரியப்பா*
நல்லா சொன்னேம்மா. முப்பது வருஷ போலீஸ் சர்வீஸ்ல எந்த எதிரிகிட்டயும் நாங்க முன்கூட்டிச் சொன்னதில்ல.

*பெரியப்பா*
ஆனா ஒட்டுக்கேக்கறதை ஏதோ திருட்டு வேலை மாதிரி பேசாதே. சிடிஆர் வேற, டேப்பிங் வேற. யார் யாருக்கு எப்போ பேசினாங்க, எந்த டவர்னு பாக்கறது சிடிஆர். அது எஸ்.பி. ஆபீஸ் வழியா கேட்டா வந்துடும். பேச்சையே கேக்கணும்னா உள்துறைச் செயலர் கையெழுத்து வேணும். கண்டவனும் போட முடியாது.

*சேகர் சித்தப்பா*
அப்ப வாட்ஸ்அப் கால்?

*அருண்*
அது ரெண்டு முனையிலயும் பூட்டினது சித்தப்பா, நடுவுல யாராலயும் கேக்க முடியாது. சாதாரண கால்னா கம்பெனியே லைனைத் திறந்து குடுத்துடும். முதல்ல யார் ஃபார்வர்ட் பண்ணாங்கன்னு வாட்ஸ்அப் காட்டணும்னு 2021ல அரசு விதி போட்டுச்சு. அந்தப் பூட்டை உடைக்கச் சொன்னா நாங்க கிளம்பிடுவோம்னு வாட்ஸ்அப் 2024ல டெல்லி ஹைகோர்ட்ல சொன்னாங்க. அந்த விதி நடைமுறைக்கு வந்தா முதல் கேஸ் உங்க மேலதான் 😄

*மது*
பெரியப்பா, செயலர் கையெழுத்து சரி. அதைச் சரிபார்க்கறது யாரு? 1885 தந்திச் சட்டத்துல ஒட்டுக்கேக்க அனுமதி குடுக்கற பிரிவு 5(2)னு ஒண்ணு இருந்துச்சு. 1996ல பியூசிஎல்ங்கற மனித உரிமை அமைப்பு போட்ட வழக்குல சுப்ரீம் கோர்ட், சட்டம் இருக்கு, ஆனா அதை அடக்க நடைமுறையே இல்லைன்னு சொல்லி சில கட்டுப்பாடு போட்டாங்க. அதுல இருந்து வந்ததுதான் இப்ப இருக்கற எல்லாமே. 60 நாள் அனுமதி, நீட்டிச்சா மொத்தம் 180 நாள். அந்த ஆணைகளைச் சரிபார்க்கற மறு ஆய்வுக் குழு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை கூடணும். மத்தியில அந்தக் குழுவுல கேபினட் செயலர், சட்டச் செயலர், தொலைத்தொடர்புச் செயலர். மாநிலத்துல தலைமைச் செயலர் தலைமையில மூணு பேர். 2023 தொலைத்தொடர்புச் சட்டம் வந்துச்சு, 2024 டிசம்பர்ல புது விதியும் வந்துச்சு. குழு மட்டும் அப்படியே இருக்கு. அனுமதி குடுக்கறவரும் செயலர், சரிபார்க்கறவங்களும் செயலர்கள். ஜட்ஜ் ஒருத்தர் கூட கிடையாது

*பெரியப்பா*
ஜட்ஜ் வீட்டு வாசல்ல மனுவைத் தூக்கிட்டு நின்னா அதுக்குள்ள குண்டு வெடிச்சிடும்மா. 98 பிப்ரவரி 14 நான் கோயம்புத்தூர்ல டூட்டி. 58 பேர் போனாங்க. அன்னிக்கு ஆஸ்பத்திரி வராண்டாவுல எந்தப் பொட்டலம் யாரோடதுன்னு அடையாளம் காட்ட வந்தவங்க பக்கத்துல நின்னவன் நான். முன்னாடியே ஒரு வார்த்தை காதுல விழுந்திருக்கக் கூடாதான்னு இன்னிக்கும் தோணும்.

*லலிதா அத்தை*
அண்ணா அந்த வாரம் முழுக்க வீட்டுக்கே வரல. அம்மா சாமி ரூமை விட்டு வெளிய வரல

*மது*
புரியுது பெரியப்பா. குண்டு வழக்குல கேக்க வேணாம்னு நான் சொல்லல, கோர்ட்டும் சொன்னதில்ல. தகராறு அங்க இல்ல. போன வருஷம், 2025 ஜூலை 2, நம்ம ஹைகோர்ட் தீர்ப்பு ஒண்ணு. 2011ல ஒரு லஞ்ச வழக்குக்காக ஒரு கம்பெனி அதிகாரியோட போனைக் கேக்க உள்துறை அனுமதி குடுத்திருந்துச்சு. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அந்த ஆணையையே ரத்து பண்ணிட்டார். சட்டத்துல ரெண்டே வாசல்தான்: பொது அவசரநிலை இருக்கணும், இல்ல பொதுப் பாதுகாப்புக்குத் தேவைப்படணும். ரகசியமா குற்றத்தைத் துப்பு துலக்கறது ரெண்டுலயும் வராதுன்னார்

*பெரியப்பா*
லஞ்சம் வாங்கிட்டு பாலத்துக்கு சர்டிபிகேட் குடுக்கறான். பாலம் விழுந்தா சாகறது யாரு? அது பொதுப் பாதுகாப்பு இல்லையா?

*மது*
கிட்டத்தட்ட இதையேதான் டெல்லி ஹைகோர்ட் சொன்னாங்க 🙂 நம்ம தீர்ப்புக்கு சில நாள் முன்னாடி, 2025 ஜூன்ல. டெண்டர் ஊழல் வழக்கு. தொகை பெரிசு, ஊழல் பொருளாதாரத்தையே பாதிக்கும், அதனால பொதுப் பாதுகாப்புல வரும்னு. ஒரே சட்டம், ஒரே வார்த்தை. டெல்லியில சரி, சென்னையில தப்பு

*சேகர் சித்தப்பா*
அப்ப லஞ்சம் வாங்கறவன் சென்னைக்கு வந்து பேசிட்டுப் போகலாம் போல

*அருண்*
😂😂

*மது*
எனக்கு சென்னைத் தீர்ப்புதான் சரின்னு படுது. ஊழலையும் சேர்க்கணும்னா பார்லிமென்ட் சேர்க்கட்டும். 2023ல சட்டத்தையே புதுசா எழுதினாங்களே, அப்பவும் அதே ரெண்டு வாசலைத்தானே வச்சாங்க? அதிகாரி இஷ்டத்துக்கு மூணாவது வாசல் திறக்கக் கூடாது

*பெரியப்பா*
வக்கீல் பேச்சு.

*மது*
நீங்க படிக்க வச்சதுதானே பெரியப்பா

*மது*
அந்தத் தீர்ப்புல அவ்வளவா யாரும் பேசாத இடம் ஒண்ணு இருக்கு. ஒட்டுக்கேட்டு எடுத்ததை மறு ஆய்வுக் குழு முன்னாடி வைக்கவே இல்ல. விதியில கட்டாயம் வைக்கணும்னு இருக்கு. வைக்கலைன்னு யாருக்கும் தெரியவும் இல்ல. 2011ல போட்ட ஆணை. கேஸ் கோர்ட்டுக்கு வந்ததாலதான் வெளிய வந்துச்சு. கேஸே ஆகாம முடிஞ்ச ஆணையெல்லாம்?

*பெரியப்பா*
அது தப்பு. பேப்பர் வேலையை ஒழுங்கா பண்ணாதவனால நல்ல கேஸும் போகும். அதுல எனக்கு ரெண்டு கருத்து இல்ல.

*அருண்*
குழுவுக்கு வச்சாலும் என்ன ஆகும்? தனிநபர் தரவுப் பாதுகாப்புக்காக அரசு போட்ட ஸ்ரீகிருஷ்ணா கமிட்டியோட 2018 அறிக்கையில ஒரு இடம் படிச்சேன். ஆர்டிஐ பதிலை வச்சு எழுதியிருக்காங்க. ஒவ்வொரு கூட்டத்துலயும் அந்தக் குழு முன்னாடி 15,000ல இருந்து 18,000 ஆணை வருதாம்

*சேகர் சித்தப்பா*
ஒரே கூட்டத்துக்கா??

*அருண்*
ஆமா. கணக்குப் போடுங்க. காலையில உக்காந்து டீ கூட குடிக்காம எட்டு மணி நேரம்னா 28,800 செகண்டு. 15,000 ஆணைன்னு வச்சாலும் ஒண்ணுக்கு ரெண்டு செகண்டு இல்ல. பேரைக் கூட முழுசா படிக்க முடியாது

*லலிதா அத்தை*
நான் கத்திரிக்காய் பொறுக்கறதுக்கே அதை விட நேரம் ஆகும்

*பெரியப்பா*
அது மத்திய அரசுக் கணக்கு. நாடு பெரிசு.

*அருண்*
நாடு பெரிசுன்னா குழுவும் பெரிசா இருக்கணும் பெரியப்பா

*மது*
அவசரத்துக்கும் வழி இருக்கு, நீங்களே பாத்திருப்பீங்க. செயலரைப் பிடிக்க முடியலைன்னா ஐ.ஜி. அளவுல உள்ளவரே ஆணை போட்டுட்டு ஏழு வேலை நாளுக்குள்ள உறுதி வாங்கலாம். வாங்கலைன்னா உடனே நிறுத்தணும், புது விதிப்படி எடுத்ததையும் அழிச்சுடணும். இங்கிலாந்துல 2016 சட்டப்படி அமைச்சர் கையெழுத்தோட நீதித்துறை ஆணையர் ஒப்புதலும் வேணும். அவசரம்னா அமைச்சர் உடனே போட்டுடலாம், ஆணையர் மூணு வேலை நாளுக்குள்ள பாக்கணும். குண்டு வெடிக்கற வரைக்கும் யாரும் காத்துக்கிட்டு நிக்கறதில்ல

*பெரியப்பா*
முதல்ல போட்டுட்டு அப்புறம் பாக்கறதுன்னா பரவால்ல. முன்கூட்டி ஜட்ஜ்னா ஒத்துக்க மாட்டேன். ரகசியம் எத்தனை பேர் கையில போகுதோ அத்தனை ஓட்டை.

*மது*
சரி, பின்னாடியே பாக்கட்டும். ஆனா பாக்கறவர் அரசு சம்பளத்துல இருக்கற செயலரா இருக்கக் கூடாது. ஜெர்மனியில இன்னும் ஒரு படி மேல. எல்லாம் முடிஞ்சு, விசாரணைக்குக் கேடில்லைன்னா, உன் போனைக் கேட்டோம்னு அந்த ஆள்கிட்டயே சொல்லணும்

*சேகர் சித்தப்பா*
அப்ப மூணு டிக் ஜெர்மனியில இருக்குன்னு சொல்லு

*அருண்*
சித்தப்பா 🙏

*மது*
பெரியப்பா, நிஜமா கேக்கறேன். உங்க சர்வீஸ்ல மறு ஆய்வுக் குழு ஒரு ஆணையையாவது இது தப்புன்னு திருப்பி அனுப்பினதாக் கேள்விப்பட்டிருக்கீங்களா?

*பெரியப்பா*
அதெல்லாம் மேலிடம். எங்களுக்கு "நம்பத்தகுந்த தகவல்"னு ஒரு வரி வரும், அதை வச்சு ஓடுவோம். எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேக்கக் கூடாது.

*பெரியப்பா*
கேள்விப்பட்டதில்ல.

*லலிதா அத்தை*
அப்ப என் கார்ட்டூனைத் திருப்பிப் போடலாமா?

*மது*
தாராளமா போடுங்க அத்தை

*பெரியப்பா*
மது, அந்த சென்னைத் தீர்ப்பை அனுப்பு. பிடிஎஃப் வேணாம், கண்ணு எரியுது. பிரிண்ட் எடுத்துக் குடு. குழு முன்னாடி வைக்கலைன்னு சொன்னியே, அந்தப் பக்கத்தை மட்டும் மடிச்சு வை.