பயிற்சித்தாளுக்கு ஒரு சொல்: ஈர்ப்பின்மையா, எடையின்மையா?

இராயபுரம் ஆசிரியை:
அன்பர்களே, எட்டாம் வகுப்புப் பயிற்சித்தாள் திங்களன்று அச்சுக்குப் போகிறது. விண்வெளி நிலையத்தில் மிதப்பதுபோல வீட்டுப் பொருள்களும் மிதந்தால் என்ன ஆகும் என்று எழுதச் சொன்னேன். வந்த கதை ஒன்றில், மூன்றாம் மாடிக்காரி ஒருத்தி, லாரித் தண்ணீர் பிடித்த குடத்தை ஒரே விரலால் மேலே தள்ளிக்கொண்டு போகிறாள். குடத்திலிருந்து நழுவிய நீர் உருண்டையை வழியில் தம்பி கடித்துவிடுகிறான்! தலைப்பில் 'ஈர்ப்பின்மை' என்று போடலாமா?

பெரம்பூர் இயற்பியலார்:
கூடாது. நிலையம் சுற்றுவது சுமார் 400 கி.மீ. உயரத்தில். தரையிலுள்ள ஈர்ப்பில் ஏறத்தாழ 90 விழுக்காடு அங்கேயும் இருக்கிறது. நிலையமும் ஆட்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால்தான் மிதக்கிறார்கள். ஆகவே 'உடன்வீழ்வு'.

தண்டையார்பேட்டை:
மாடிப்படியில் இருவர் சேர்ந்து உருண்டதுபோல் இருக்கிறது, ஐயா. 'எடையின்மை' போதும். கொடு–கொடை, விடு–விடை, எடு–எடை. எடுக்கும் கை உணர்வதே எடை. எடுக்கவே வேண்டாத இடத்தில் எடை ஏது? உடலை இலேசாக்கும் சித்தர்களின் இலகிமாவும் இதுதானே?

திருவொற்றியூர்:
இலகிமா வடசொல். 'நொய்ம்மை' என்க.

தண்டையார்பேட்டை:
பிள்ளைகளுக்கு நொய்க்கஞ்சிதான் நினைவுக்கு வரும்.

யாழ்ப்பாணம்:
எங்கள் பாடநூலில் எடைக்குப் பெயர் 'நிறை'. நீங்கள் நிறை என்பது, அதாவது ஒரு பொருளில் உள்ள பருப்பொருளின் அளவு, எங்களுக்குத் திணிவு. பொதுச்சொல் என்று எதையும் அறிவித்துவிடாதீர்கள்.

பெரம்பூர் இயற்பியலார்:
எங்கள் நிறை, உங்கள் திணிவு, எந்தப் பெயரில் சொன்னாலும் அது போகாது. அந்தக் குடம் விரலுக்கு மெதுவாகத்தான் நகரும், நிறுத்தவும் அதே பாடு. வேகமாகத் தள்ளினால் மூன்றாம் மாடிக் கதவு பெயர்ந்துவிடும். கேரம் ஆட்டமோ இன்னும் வேடிக்கை. காய் பலகையில் அழுந்தாது, உராய்வு இல்லை. பவுடர் செலவு மிச்சம். ஸ்ட்ரைக்கர் பட்ட சிவப்புக்காய் குழியைத் தேடாமல் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். (நேற்று இரவு இதை நினைத்துத் தூக்கம் கெட்டது.)

காசிமேடு:
வலையின் மேல்கயிற்றில் கட்டுவது மிதப்பு, கீழ்க்கயிற்றில் ஈயம். ஈயமும் மிதப்பாகிவிடும் இடம் அது. 'மிதப்பு' என்றே வையுங்கள்.

திருவொற்றியூர்:
மிதக்க நீர் வேண்டும். மேலும் 'மிதப்பாகத் திரிகிறான்' என்றால் செருக்கு.

இராயபுரம் ஆசிரியை:
அச்சகத்திலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். 'எடையின்மை' என்று கொடுத்துவிட்டேன். குடத்தின் கதையை முதல் பக்கத்தில் போட்டிருக்கிறேன்.

காசிமேடு:
சரி. என் மகன் தன் தாளில் அடித்துவிட்டு 'மிதப்பு' என்று எழுதினால் மதிப்பெண் குறைக்காதீர்கள்.