பெல்போரில் யாருக்கும் இணையத்தை வெட்டவில்லை

புதுவைக்காரன் (சேன் தெனி), காலை 6:10

இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரான்சின் தீவான நம் ரெயூனியனில் தீபாவளி ஊர்வலத்துக்கு யார் பேனர் அடிப்பது என்று நேற்றிரவு குழுவில் பேசிக்கொண்டிருந்தோம். நடுவில் வீடியோக்கடை அண்ணன் ஒன்றைப் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார். ஹதோப்பி என்றால் இணையத்தில் படம், பாட்டுத் திருடுவதைத் தடுக்கப் பிரான்ஸ் போட்ட சட்டமும் அதற்கான அலுவலகமும். அண்ணன் எழுதியதை அப்படியே தருகிறேன்: “2009 இல் ஹதோப்பி சட்டம் வந்தது. பெல்போரில் ஒருத்தனுக்கு இணையத்தை வெட்டினார்கள். அதோடு பிரான்சில் திருட்டு டவுன்லோடு அடங்கிப்போச்சு. நம் ரெயூனியன்காரர்கள்தான் இன்னும் திருந்தவில்லை.”

அவர் தூங்கினார், நான் தூங்கவில்லை.

கிழக்குப் பிரான்சில் இருக்கும் அந்தப் பெல்போரில் யாருக்கும் இணையத்தை வெட்டவில்லை, ஐயா. 2012 செப்டம்பரில் அங்கே ஒரு கைத்தொழில்காரருக்கு 150 யூரோ தண்டம் போட்டார்கள். அந்தச் சட்டத்தில் முதன்முதலாகத் தண்டனை வாங்கியவர் அவர்தான். பாட்டை இறக்கினதுகூட அவர் இல்லை, மனைவி. அதை மனைவியே ஒத்துக்கொண்டார். மனுஷனுக்கு டவுன்லோடு செய்யவே தெரியாதாம். இதைத்தான் அண்ணன் ‘வெட்டினார்கள்’ என்கிறார்.

வீடியோக்கடை (சேன் பியேர்), காலை 7:45

தம்பி, விடியற்காலையிலேயே ஆரம்பித்துவிட்டீர்களா? மனைவி இறக்கினால் என்ன, மாமியார் இறக்கினால் என்ன? இணையப் பெட்டி யார் பெயரில் இருக்கிறது? வண்டி உங்கள் பெயரில் இருந்து மச்சான் வேகமாக ஓட்டினாலும் ரேடார் தண்டச் சீட்டு உங்கள் வீட்டுக்குத்தானே வருகிறது?

வெட்டினார்களோ தண்டம் போட்டார்களோ, பயம் வந்ததா இல்லையா? அதைச் சொல்லுங்கள்.

வனிலாக்கொடி (சேந்த் ஆந்த்ரே), காலை 8:02

இரண்டு பேரும் ஒரு நிமிஷம் நில்லுங்கள். அந்த மனிதர் தண்டனை வாங்கியது பாட்டுத் திருடியதற்காக இல்லை. களவுப்பிரதி எடுப்பது தனிக் குற்றம், அதற்கு மூன்று வருஷம் சிறை, 3 லட்சம் யூரோ தண்டம் வரை உண்டு. ஹதோப்பி பிடித்தது வேறு: தன் இணைப்பைப் பிறர் தவறாகப் பயன்படுத்தாமல் காக்காத அலட்சியம். அதற்கு உச்சம் 1,500 யூரோ. முதலில் ஒரு மின்னஞ்சல், ஆறு மாதத்துக்குள் மறுபடி மாட்டினால் பதிவுத் தபால், அதற்கும் அடங்காவிட்டால் கோப்பு நீதிமன்றத்துக்கு. ‘மனைவிதான் இறக்கினாள்’ என்று அவர் சொன்னதே ‘நான் காக்கவில்லை’ என்ற ஒப்புதல் ஆகிவிட்டது. இந்த வித்தியாசம் தெரியாமல் பேசினால் பேச்சு நகராது.

புதுவைக்காரன், காலை 8:20

தங்கச்சி சொல்வது இருக்கட்டும். அண்ணனுக்கு வருகிறேன்.

பயம் வந்ததாம்! அந்தச் சட்டம் பிறந்த கதை தெரியுமா? 2009 ஏப்ரல் 9 அன்று பாரிஸ் நாடாளுமன்றத்தில் 21க்கு 15 என்று அது தோற்றது. 577 பேர் உட்கார வேண்டிய சபையில் 36 பேர். மே மாதம் மறுபடி கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். ஜூன் 10 அன்று அரசியலமைப்பு மன்றம் அதன் பல்லைப் பிடுங்கியது. ஓர் அலுவலகம் தன்னிஷ்டத்துக்கு ஒருவர் இணையத்தை வெட்ட முடியாது, 1789 மனித உரிமைப் பிரகடனம் தந்த பேச்சுரிமைக்குள் இணையமும் வருகிறது, நீதிபதிதான் முடிவு செய்ய வேண்டும் என்றார்கள். அப்புறம் அக்டோபரில் இரண்டாவது சட்டம் போட்டு நீதிபதி வழியாக ஒரு மாதம் வரை நிறுத்தலாம் என்று ஒட்டுப்போட்டார்கள்.

செலவையும் பாருங்கள். 2009 தொடங்கி பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அரசு அந்த அலுவலகத்துக்குக் கொட்டியது 8 கோடியே 20 லட்சம் யூரோ. தண்டமாகக் கிடைத்தது 87,000 யூரோ. ஒரு யூரோ வசூலிக்கத் தொள்ளாயிரத்துக்கு மேல் செலவு. எங்கள் ஊரில் இதைச் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இங்கே முக்காலும் இல்லை, மூட்டை மூட்டையாய்.

ஆக, பெல்போரில் 150 யூரோ. வெட்டவில்லை.

வீடியோக்கடை, காலை 10:31

எவ்வளவு எழுதினாலும் பதில் வரவில்லையே. மனைவி இறக்கினால் பொறுப்பு யாருக்கு?

2003 இல் கடை போட்டேன். சென்னையிலிருந்து பெட்டி வரும், துறைமுகத்தில் ஒக்ட்ருவா தெ மேர் என்ற தீவு இறக்குமதி வரி கட்டணும், அதற்கு மேல் வாட் வரி. ஒரு டிவிடி அலமாரிக்கு ஏறும்போது என்ன விலை ஆகும் என்று இந்தக் கணக்குப்பிள்ளைக்குத் தெரியுமா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடை நிறையும். அம்மாமார் வரிசையில் நின்று போன வாரப் படத்தைத் திட்டிக்கொண்டே புதுப்படம் கேட்பார்கள். 2010 வாக்கில் அதே அம்மாமார் வந்து, “பையன் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தான்” என்று சொல்லிவிட்டு ஊதுபத்தி மட்டும் வாங்கிப் போனார்கள். 2011 இல் ஷட்டரை இறக்கினேன்.

தமிழ்நாட்டில் 2004லேயே திருட்டு விசிடிக்காரனைக் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அதுதான் சட்டம். இங்கே மின்னஞ்சல் அனுப்பினார்களாம், மின்னஞ்சல்!

துறைமுகத்துக் காகம் (லு போர்), காலை 11:15

அண்ணை, குண்டர் சட்டம் வந்து அங்கே திருட்டுப் படம் நின்றதோ? 2023 இல் டெல்லியில் திரைப்படச் சட்டத்துக்கும் ஒரு திருத்தம் கொண்டுவந்து மூன்று மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை, தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை தண்டம் என்று ஏன் போட்டவர்கள்?

நான் காசு கட்டிப் பார்க்கத் தயார். போன மாதம் ஒரு படத்தைத் தேடி மூன்று தளத்துக்குப் போனேன். இரண்டில் ‘உங்கள் பகுதியில் கிடைக்காது’. மூன்றாவது எங்களைப் பிரான்ஸ் கணக்கிலும் சேர்க்கவில்லை, ஆப்பிரிக்கா கணக்கிலும் சேர்க்கவில்லை. விற்க மாட்டன், எடுத்தால் கள்ளன் என்றால் என்ன நியாயம்?

புதுவைக்காரன், காலை 11:22

அப்படிக் கேளுங்கள்! இன்னொன்று, ஹதோப்பி கண்ணில் பட்டது டொரண்ட், அதாவது ஆளுக்கு ஆள் கோப்பைப் பகிர்வது, மட்டும்தான். தளத்தில் நேராக ஓடவிட்டுப் பார்த்தவனுக்கு ஒரு மின்னஞ்சலும் போகாது. 2022 ஜனவரியில் டிவி, வானொலிக் கண்காணிப்பு அலுவலகத்தோடு இணைத்து ஆர்கோம் என்று ஆக்கினார்கள், இப்போது தளங்களை மறிக்கிறார்கள். ஒன்றை மறித்தால் முகவரியின் வாலை மாற்றி இன்னொன்று. ஆனால் பேச்சு அதில்லை. பெல்போர்.

காவடிக்கட்டை (சேன் போல்), பகல் 12:40

சாப்பாட்டு நேரத்தில் வாசித்தேன், சோறு தொண்டையில் சிக்கியது. வீடியோக்கடை அண்ணே, உங்கள் கடையில் வாடகைக்கு எடுத்த தட்டுகள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வெள்ளைத் தட்டு, மேலே நீல மார்க்கரில் படத்தின் பெயர். அதிலும் எழுத்துப்பிழை. அட்டையின் கலர் ஜெராக்ஸில் கதாநாயகி முகம் பச்சை. அந்தத் தட்டு எந்தத் துறைமுகத்தில் ஒக்ட்ருவா தெ மேர் கட்டி வந்தது?

வீடியோக்கடை, பகல் 12:58

அது பாதுகாப்புப் பிரதி! மூலத்தட்டில் கீறல் விழக்கூடாது என்று பிரதி எடுத்து வாடகைக்கு விட்டேன். ஒரு மூலம், ஒரு பிரதி. மூலம் பீரோவில் இருந்தது. இதுவும் டொரண்டும் ஒன்றா? வாய்க்கு வந்தபடி பேசாதீர்கள்.

புதுவைக்காரன், பகல் 1:01

ஆகா. பீரோவில் இருந்ததாம். இதற்காகத்தான் விடியற்காலை 6:10க்கு எழுந்தேன் போலிருக்கிறது.

நான் ஹார்ட் டிஸ்க் வாங்கும்போதெல்லாம் பிரதி எடுப்பதற்கென்று ஒரு வரி விலையிலேயே சேர்த்துப் பிடிக்கிறார்கள். 1985 சட்டத்திலிருந்து இருக்கிறது. காசு கட்டிவிட்டேன், பிரதி எடுக்கிறேன். நீங்கள் என்ன கட்டினீர்கள்?

வனிலாக்கொடி, பகல் 1:20

அந்த வரி, முறையாகக் கைக்கு வந்த மூலத்திலிருந்து சொந்த உபயோகத்துக்கு எடுக்கும் பிரதிக்கு மட்டும். 2011 டிசம்பர் சட்டத்தில் அதைத் தெளிவாகவே எழுதிவிட்டார்கள். டொரண்டுக்கும் சேராது, அண்ணனின் பீரோவுக்கும் சேராது.

புதுவைக்காரன், பகல் 1:26

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் முழுப் பாடப்புத்தகத்தையும் ஜெராக்ஸ் எடுத்து இருபது பிள்ளைகளுக்குக் கொடுத்தது யார் என்று கேட்கலாமா, தங்கச்சி? தீவின் கிரியோல் மொழியில் யோசித்துத் தமிழில் எழுதினால் சட்டமும் இப்படித்தான் பாதி புரியும்.

வனிலாக்கொடி, பகல் 1:41

கிரியோலில்தான் யோசிக்கிறேன், அதில் என்ன கேவலம்? என் கொள்ளுப்பாட்டனுக்குப் பாட்டன் கப்பலில் வந்து கரும்பு வெட்டினார். அந்தத் தோட்டத்தில் தமிழ் செத்து, நாங்கள் முப்பது வயதில் உட்கார்ந்து அ, ஆ எழுதிக் கற்றோம். விமானத்தில் வந்து இறங்கிய உங்களுக்கு அந்தப் புத்தகம் சும்மா புத்தகம். இங்கே ஒரு கடையிலும் கிடைக்காது. வரவழைத்த ஒரே பிரதியைத்தான் ஜெராக்ஸ் எடுத்தேன். மறுபடியும் எடுப்பேன்.

துறைமுகத்துக் காகம், பகல் 1:50

அக்கா, இதைத்தான் நானும் காலையில் சொன்னேன்.

வனிலாக்கொடி, பகல் 1:52

இல்லை, நீங்கள் படத்தைச் சொன்னீர்கள். இது பாடப்புத்தகம்.

வீடியோக்கடை, மாலை 5:15

தேடி எடுத்துவிட்டேன்! 2013 ஜூனில் பாரிஸ் பக்கத்துச் சேன்-சேன்-தெனி மாவட்டத்தில் ஒருத்தனுக்கு 600 யூரோ தண்டம், அதோடு பதினைந்து நாள் இணையத் தடை. தடை! வெட்டினார்களா இல்லையா? காலையிலிருந்து என்னைப் பொய்யன் ஆக்கின எல்லோரும் வரிசையில் வாருங்கள்.

புதுவைக்காரன், மாலை 5:19

அது பெல்போரா?

வீடியோக்கடை, மாலை 5:20

ஊரா முக்கியம்?

புதுவைக்காரன், மாலை 5:34

ஊர்தான் முக்கியம். நீங்கள் பெல்போர் என்று எழுதினீர்கள். அடுத்த மாதமே, 2013 ஜூலையில், இணையத் தடை என்ற தண்டனையையே ஆணை போட்டு எடுத்துவிட்டார்கள். ஒரே ஒருத்தன், அதுவும் பதினைந்து நாள், அதுவும் வேறு ஊர். இணையத்தை நிறுத்தினாலும் அதே பெட்டியில் வரும் தொலைபேசியையும் டிவியையும் நிறுத்தக்கூடாது என்று சட்டமே சொன்னது. அதை எப்படிப் பிரிப்பது என்று தலையைப் பிய்த்துக்கொண்டதுதான் மிச்சம். பெல்போரில் 150 யூரோ. எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

காவடிக்கட்டை, மாலை 6:05

பேனர் யார் அடிப்பது என்று முடிவாச்சா? போன வருஷம் போட்ட படத்தை யாரோ இணையத்தில் எடுத்தார்களாம், ஓரத்தில் விற்பனைத் தளத்தின் முத்திரை தெரிந்தது.

வீடியோக்கடை, இரவு 8:47

பேனர் இருக்கட்டும். உரிமை, பேச்சுரிமை, 1789 என்றெல்லாம் பேசுகிற புதுவைக்காரத் தம்பி 2006 இல் என் கடையில் இரண்டு டிவிடி வாடகைக்கு எடுத்தார். மூலத்தட்டு, மார்க்கர் இல்லை. நோட்டில் இன்னும் வரவு வைக்கவில்லை.

புதுவைக்காரன், இரவு 8:49

ஒன்றுதான். மற்றது பாதியில் நின்றுபோனது, மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வீடியோக்கடை, இரவு 8:50

யாரிடம் கொடுத்தீர்கள்?

புதுவைக்காரன், இரவு 8:58

உங்கள் மனைவியிடம்.