குளூட்டன் விலக்கியவர்கள் கடற்பாசி சாப்பிடுகிறீர்களா? அனுபவம் சொல்லுங்கள்

கோதுமைவிலக்கி:

செலியாக் நோய் (குளூட்டன் சாப்பிட்டால் உடலின் எதிர்ப்பாற்றலே சிறுகுடலைத் தாக்கும் கோளாறு) என்று உறுதியான பிறகு கோதுமை, பார்லி, ரை மூன்றையும் ஒரேயடியாக விட்டுவிட்டேன். மொறுமொறுவென்று கொறிக்க ஒன்றும் அகப்படாமல் தவித்தபோது நோரி என்ற கடற்பாசியை மெல்லிய தாளாக உலர்த்தி வறுத்த தாள்கள்தான் கைகொடுத்தன. கடற்பாசி தானியமே அல்ல. குளூட்டன் கோதுமையிலும் அதன் நெருங்கிய உறவுத் தானியங்களிலும் இருக்கும் புரதம்; கடலில் வளரும் பாசிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. "தாராளமாகச் சாப்பிடுங்கள்" என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

பாசியைப் பொறுத்தவரை அது சரி. பொட்டலத்தைப் பொறுத்தவரை சரியில்லை. நான் வழக்கமாக வாங்கும் நோரியில் பாசி, எண்ணெய், உப்பு ஆகிய மூன்றே பொருள்கள். ஒரு நாள் அது தீர்ந்துபோயிருந்தது. பக்கத்தில் அதே பச்சை உறை, அதே அளவு, அதே தாள் படம். முகப்பின் அடியில் மட்டும் பொடி எழுத்தில் "சுவையூட்டியது" என்று இருந்தது. திருப்பிப் பார்த்தால் சோயா சாஸ். அதற்குள் என்னென்ன என்று தேடினால் இரண்டாவதாகவே நிற்கிறது கோதுமை. இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.

வழக்கமான ஜப்பானியச் சோயா சாஸில் சோயாவும் கோதுமையும் ஏறக்குறைய சரிபாதி. "நொதிக்கும்போது குளூட்டன் சிதைந்துவிடுமே" என்று வாதாடுபவர்கள் எங்கும் உண்டு. சிதைகிறது, உண்மைதான். ஆனால் சிதைந்த துண்டுகளை வழக்கமான பரிசோதனை முறைகளால் சரியாக அளக்க முடிவதில்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020இல் கொண்டுவந்த விதி இதனால்தான் வந்தது: நொதித்த உணவில் "குளூட்டன் இல்லை" என்று அச்சிட வேண்டுமென்றால், நொதிக்க வைப்பதற்கு முன்பே மூலப்பொருள் அப்படி இருந்தது என்பதற்குத் தயாரிப்பாளரிடம் பதிவு இருக்க வேண்டும். அளக்க முடியாத ஒன்றை நம்பி என் குடலை நான் பணயம் வைப்பதாக இல்லை.

உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்.

ஐயப்பேர்வழி:

கோதுமை என்ற சொல்லை மட்டும் தேடுகிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. நல்ல கடற்பாசிப் பொருள்கள் பலவும் ஜப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் வருகின்றன. ஜப்பானில் ஒவ்வாமைப் பொருளாகக் கட்டாயம் குறிப்பிட வேண்டியவற்றில் கோதுமை உண்டு, பார்லி இல்லை. அமெரிக்காவின் ஒவ்வாமைச் சட்டமும் கோதுமையைத்தான் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலோ பார்லி, ரை, ஓட்ஸ் வரை எல்லாவற்றையும் எடுப்பாகக் காட்டியாக வேண்டும். ஆகவே "கோதுமை உள்ளது" என்ற எச்சரிக்கை இல்லை என்பதால் மட்டும் ஒரு பொட்டலம் நமக்கானது ஆகிவிடாது. பார்லி சேர்த்து நொதிக்க வைத்த சோயா விழுதான மிசோ இருக்கிறது. முளைகட்டிய பார்லியிலிருந்து எடுக்கும் மால்ட் சாறு இருக்கிறது. வகாமே என்ற பாசி போட்ட உடனடி சூப் பொட்டலங்களில் இரண்டும் ஒளிந்துகொள்ள நிறைய இடம் உண்டு.

"குளூட்டன் இல்லை" என்று அச்சிட்டிருந்தால் ஓரளவு நிம்மதி. அமெரிக்கா, ஐரோப்பா இரண்டிலும் அதன் வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள். இறக்குமதிப் பொருளில் மொழிபெயர்ப்பு ஒட்டுச்சீட்டை மூலப் பட்டியலின் மேலேயே ஒட்டிவிடுவார்கள் பாருங்கள், அந்த வழக்கத்தைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அலைநுரை:

என் கதை உணவகத்தில் நடந்தது. தோழியின் பிறந்தநாள், சுஷி உணவகம். "கடற்பாசி சாலட் உனக்கு ஆகும்தானே?" என்று அவளே எனக்காகத் தேடிக் கண்டுபிடித்தாள். பரிமாற வந்த தம்பியிடம் குளூட்டன் பற்றிக் கேட்டேன். "அது வெறும் பாசிதான் அக்கா, மாவே கிடையாது" என்றார். சாஸில் என்ன இருக்கிறது என்று கேட்டதும் விழித்தார். பிறகு அவராகவே உள்ளே போய்ச் சமையல்காரரை அழைத்து வந்தார். அவர் கையில் உறைநிலைப் பெட்டியிலிருந்து எடுத்த பிளாஸ்டிக் வாளி. பனி பூத்திருந்த மூடியைக் கட்டைவிரலால் துடைத்துக்கொண்டே அவர் ஒவ்வொன்றாகப் படிக்க, நான் கேட்டுக்கொண்டிருந்தேன்: வகாமே, மரக்காளான், அகர், எள், சர்க்கரை, சோயா சாஸ், நிறமி. அந்தப் பளபளப்பான பச்சைக்குக் கடல் காரணமில்லை என்பது தனிக் கதை. சோயா சாஸில் கோதுமை என்றும் போட்டிருந்தது.

அந்த மனிதர் சலித்துக்கொள்ளவில்லை. "நான் வேறு செய்து தருகிறேன்" என்று உலர்ந்த வகாமேயைத் தண்ணீரில் ஊறவைத்து, எலுமிச்சை பிழிந்து, உப்பும் நல்லெண்ணெயும் விட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். நிறம் கொஞ்சம் மங்கல்தான். ருசி வாளிச் சரக்கைவிட எவ்வளவோ மேல் என்று தோழியே சொன்னாள். அவள் தட்டிலிருந்த டெம்புரா நோரியை மட்டும் நான் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மாவில் தோய்த்துப் பொரித்தது. அதே எண்ணெயில் மாவில்லாமல் பொரித்துத் தந்தாலும் நமக்கு ஆகாது. சுஷிக்குள் வைக்கும் போலி நண்டுக் குச்சியிலும் பெரும்பாலும் கோதுமை ஸ்டார்ச் இருக்கும். வெளியே சுற்றிய பாசியை விசாரித்துவிட்டு உள்ளே இருப்பதை மறந்துவிடாதீர்கள்.

அடுப்படிவாசி:

எனக்கு இந்த விசாரணைகளுக்கெல்லாம் பொறுமை இல்லை. வீட்டில் உலர்பாசியாகவே வாங்கிவிடுகிறேன். பட்டியலில் ஒரே பொருள் இருந்தால் வாங்குவேன், இரண்டாவது இருந்தால் யோசிப்பேன். வகாமே ஊறும்போது பல மடங்கு பெருகும். முதல் முறை ஒரு பிடி போட்டால் பாத்திரம் தாங்காது, ஒரு சிட்டிகையில் தொடங்குங்கள். கெல்ப் என்ற பெரிய பழுப்புப் பாசி, பாசியிலிருந்தே எடுக்கும் ஆல்ஜினேட் என்ற கெட்டியாக்கி, தண்ணீர் மட்டும் சேர்த்துச் செய்யும் கண்ணாடி போன்ற நூடுல்ஸும் நமக்கு உகந்ததே. வேகவைக்கவே வேண்டாம், ஆனால் வாயில் போட்டால் நறுக் நறுக் என்றிருக்கும், எல்லோருக்கும் பிடிக்காது. வேல்ஸ் நாட்டில் லேவர் பாசியை வேகவைத்து ஓட்ஸ் மாவில் புரட்டி வறுப்பார்கள். செய்து பார்க்க ஆசைப்பட்டால் குளூட்டன் இல்லை என்று சான்று பெற்ற ஓட்ஸ் வேண்டும், அதுவும் உங்கள் உடல் ஓட்ஸைத் தாங்கினால்தான்.

ஹிஜிக்கி என்ற கருநிறப் பாசியை மட்டும் நான் வாங்குவதில்லை. அதில் நச்சான கனிம ஆர்செனிக் அதிகம் என்பதால் சாப்பிட வேண்டாம் என்று பிரிட்டன் உணவுத் தர முகமை 2004லேயே சொல்லிவிட்டது.

சொறிந்தகை:

நீங்கள் எல்லோரும் குளூட்டனையே துரத்திக்கொண்டிருக்கிறீர்கள். என் விஷயம் வேறு, இங்கே யாருக்காவது உதவலாம் என்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எனக்கு இருப்பது செலியாக்கின் தோல் வடிவம், டெர்மடைட்டிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ். 1884இல் லூயி டூரிங் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் முதலில் விவரித்தது. முழங்கை, முழங்கால், பிட்டம் என்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சிறு சிறு நீர்க்கொப்புளங்கள் கொத்தாக வரும். கொப்புளத்தைப் பெரும்பாலும் பார்க்கவே முடியாது, அதற்குள் நகம் அதைக் கிழித்திருக்கும். டாப்சோன் மாத்திரை சில நாள்களில் அரிப்பை அடக்கும். குளூட்டனை விலக்கினால் தோல் முழுமையாக அடங்க மாதங்கள், சிலருக்கு வருடங்கள் ஆகும்.

எனக்கு ஒருவழியாக அடங்கியிருந்தது, மாத்திரையையும் குறைத்துக்கொண்டு வந்தோம். அந்தச் சமயத்தில் திடீரென்று முழங்கையில் மறுபடி கிளம்பியது. வீட்டில் கோதுமையே கிடையாது, வெளியிலும் சாப்பிடவில்லை. பாத்திரங்களையும் மசாலா டப்பாக்களையும் சந்தேகப்பட்டு எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்தோம். தோல் மருத்துவர் நிதானமாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சாப்பாட்டில் புதிதாக என்ன சேர்த்தீர்கள்?" கொம்பு என்ற தடித்த பழுப்புப் பாசியை (கெல்ப் வகைதான்)க் கொதிக்க வைத்து அந்தச் சாற்றில் தினமும் சூப் வைத்துக்கொண்டிருந்தேன். நல்ல பாசி, ஒரே ஒரு பொருள், சாஸ் எதுவும் இல்லை.

குற்றவாளி அயோடின். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை 150 மைக்ரோகிராம். கொம்பில் ஒரு கிராமிலேயே ஆயிரத்தைத் தாண்டுவது சாதாரணம், கொதிக்கும்போது அதில் பெரும்பகுதி தண்ணீரில் இறங்கிவிடும். அதைத்தான் நான் கிண்ணம் கிண்ணமாகக் குடித்திருக்கிறேன். நோரியில் கிராமுக்குச் சில பத்து மைக்ரோகிராம்தான். இந்தத் தோல் நோய்க்கு மூலகாரணம் குளூட்டன், அயோடின் அல்ல. ஆனால் நோய் முழுவதும் அடங்காத நேரத்தில் அளவுக்கு மீறிய அயோடின் கொப்புளங்களைக் கிளப்பிவிடும். சூப்பை நிறுத்தியதும் மெல்ல மெல்ல அடங்கியது. இப்போது எப்போதாவது நோரி சாப்பிடுகிறேன், ஒன்றும் செய்வதில்லை. கொம்பு பக்கம் போவதில்லை.

செலியாக் உள்ளவர்களுக்குத் தன்னெதிர்ப்பு தைராய்டு கோளாறும் சேர்ந்து வருவது உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். அப்படியிருந்தால் கெல்ப் மாத்திரை, கெல்ப் பொடி என்று ஏதும் தொடங்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள். "இயற்கைதானே" என்று அதை விற்பவரிடம் கேட்காதீர்கள்.

ஐயப்பேர்வழி:

சொறிந்தகை, இதை நான் எங்கும் படித்ததில்லை, நன்றி. வயிற்றைப் பற்றியும் ஒன்று சொல்லட்டும். எனக்குப் பாசி சாப்பிட்ட இரவுகளில் வயிறு உப்பும். குளூட்டன் கலந்துவிட்டதோ என்று பயந்து, அதே பாசியை என் அண்ணனுக்கும் கொடுத்துப் பார்த்தேன். கோதுமையை வாழ்நாளெல்லாம் சாப்பிடுபவர் அவர், அவருக்கும் உப்பியது! பாசியின் நார்ச்சத்தை நம்மில் பலருடைய குடல் நுண்ணுயிரிகளால் சரிவரச் செரிக்க முடியாது. நோரியின் சர்க்கரைச் சங்கிலியை உடைக்கும் நொதிக்கான மரபணு ஜப்பானியர்களின் குடல் பாக்டீரியாவில் இருப்பதையும், அது கடல் பாக்டீரியாவிடமிருந்து வந்ததையும் 2010இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். ஆகவே வெறும் உப்புசத்தை வைத்து முடிவுகட்ட வேண்டாம்.

கோதுமைவிலக்கி:

எல்லோருக்கும் நன்றி. அலைநுரை, அந்தச் சமையல்காரர் எனக்கும் வாய்க்க வேண்டும்.

நான் வழக்கமாக வாங்கும் நோரியின் தயாரிப்பாளருக்கு இதைப் படித்த பிறகு மின்னஞ்சல் எழுதினேன். "எங்கள் சாதா நோரியில் கோதுமை சேர்ப்பதில்லை" என்று பதில் வந்தது. சேர்ப்பதைப் பற்றி நான் கேட்கவேயில்லை. சுவையூட்டிய நோரியும் அதே இயந்திரத்தில் ஓடுகிறதா என்று திரும்ப எழுதினேன். ஓடுகிறது, நடுவில் கழுவுகிறோம், ஆனால் கழுவிய பிறகு குளூட்டன் அளந்து பார்ப்பதில்லை என்று மரியாதையாகவே ஒப்புக்கொண்டார்கள். இப்போது சான்று பெற்ற வேறொன்றுக்கு மாறிவிட்டேன். தாள் கொஞ்சம் தடிமன், மொறுமொறுப்பு குறைவு. பழையது போல இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.