மகனுக்கு சிந்தனைத் திறன் கிளாஸ் தேவையா? தெரிஞ்சவங்க சொல்லுங்க

சிப்புட்_அம்மா:

வணக்கம். மலேசியாவுல சுங்கை சிப்புட்ல இருந்து எழுதுறேன். என் மகன் படிவம் நாலு, தமிழ்ப்பள்ளி முடிச்சிட்டு இடைநிலைப் பள்ளிக்குப் போனவன், அடுத்த வருஷம் எஸ்பிஎம், பள்ளிப் படிப்போட கடைசி அரசாங்கச் சோதனை. படிக்காத புள்ளைன்னு சொல்ல மாட்டேன், ராத்திரி பதினோரு மணி வரைக்கும் புஸ்தகத்தோடதான் உக்காந்திருக்கான், கலர் பேனாவால கோடு போட்டுப் போட்டு புஸ்தகமே மஞ்சளாயிருச்சு. போன மாசம் செஜாரா, அதான் வரலாறு, சோதனையில மலாயாவுல பிரிட்டிஷ் ஆட்சி கொண்டுவந்த அவசரகாலத்தைப் பத்தி ஒரு கேபாட் கேள்வி, அதாவது யோசிச்சு எழுதுற கேள்வி, கம்யூனிஸ்ட்காரங்க ஏன் தோட்டத்தையும் ஈயச் சுரங்கத்தையும் குறி வச்சாங்கன்னு காரணத்தோட எழுதணும். இவன் எழுதுனது ஒரே வரி, பிரிட்டிஷை எதிர்க்கன்னு. 1948 ஜூன் 16, மூணு வெள்ளைக்காரத் தோட்டத் தொரைமாருங்களைச் சுட்டாங்க, எல்லாம் மனப்பாடமா சொல்றான், ஏன்னு கேட்டா முழிக்கிறான். அத்தனையும் நடந்தது நம்ம ஊர்லதாங்க!

பள்ளிக்கூடத்துல உங்க பையனுக்கு யோசிக்கத் தெரியலன்னு சொல்லிட்டாங்க. இங்க ஒரு டியூஷன் சென்டர்ல சிந்தனைத் திறன் கிளாஸ் நடத்துறாங்க, மாசம் 120 வெள்ளி, பாடம் எதுவும் கிடையாது, யோசிக்கிற முறைய மட்டும் சொல்லித் தருவாங்களாம். வீட்டுக்காரருக்கு ஓவர்டைம் இல்லாத மாசம் அந்தக் காசு எங்களுக்குப் பெருசு. சேக்கலாமா? யோசிக்கிறதத் தனியா கத்துக்க முடியுமா?

பழைய_வாத்தியார்:

அம்மா, காச வச்சுக்குங்க. நான் முப்பது வருஷத்துக்கு மேல தமிழ்ப்பள்ளியில இருந்து ரிட்டயர் ஆனவன்.

ஒன்னு கேக்குறேன், உங்க பையன் பந்து பாப்பானா? பாத்தா கவனிச்சுப் பாருங்க, அந்தக் கோலு ஆஃப்சைடா இல்லையா, கோச் ஏன் அந்த ஆள வெளிய எடுத்தாரு, அவர் செஞ்சது சரியா தப்பான்னு ஒரு மணி நேரம் காரணத்தோட வாதாடுவான். அது சிந்தனை இல்லாம வேற என்ன? யோசிக்கத் தெரியாதவனா அவன்? பந்து விஷயத்துல அவன் தலைக்குள்ள சரக்கு இருக்கு, செஜாராவுல இல்ல, அவ்ளோதான் வித்தியாசம். அமெரிக்காவுல 1988ல ரெக்ட், லெஸ்லின்னு ரெண்டு பேர் இத சோதிச்சுப் பாத்தாங்க, 64 பசங்ககிட்ட ஒரு பேஸ்பால் ஆட்டத்தப் பத்தி வாசிக்கக் குடுத்தாங்க, வாசிப்புல மட்டமா இருந்தாலும் பேஸ்பால் தெரிஞ்ச பசங்க, நல்லா வாசிக்கிற ஆனா ஆட்டம் தெரியாத பசங்களவிட நல்லா புரிஞ்சிக்கிட்டாங்க. அப்பேர்ப்பட்ட வாசிப்புத் திறனே தெரிஞ்ச விஷயம் இல்லாதப்ப கைகுடுக்கல.

இப்ப உங்க கேள்விக்கு வாங்க. ரெண்டாம் உலகச் சண்டை முடிஞ்சு பிரிட்டன் கடன்ல கெடந்துச்சு, அவங்களுக்கு டாலர் வேணும், மலாயாவோட ரப்பரும் ஈயமும் அமெரிக்காவுக்குப் போயி அந்த டாலர்ல பெரும் பங்கு வந்துச்சு. இது ஒன்னு தெரிஞ்சா போதும், தோட்டத்த ஏன் அடிச்சாங்கன்னு யாரும் சொல்லித் தர வேணாம், பையனே சொல்லிருவான். தெரியலன்னா எந்தச் சிந்தனை முறைய வச்சும் அந்தப் பதில் வராது.

கவனத்தப் பத்தி ஒன்னு. புஸ்தகம் முன்னாடி உக்காந்திருக்கிறது கவனம் கிடையாது, மனசு எதுல வேலை செஞ்சுச்சோ அதுதான் தங்கும். மஞ்சக் கோடு போடுறப்ப அவன் மனசு கோட்டுமேல இருக்கு. ஒரு பக்கம் படிச்சதும் புஸ்தகத்த மூடச் சொல்லி, உங்களுக்குக் கதையா சொல்லச் சொல்லுங்க, தமிழ்லயே சொல்லட்டும், தமிழ்ல புரிஞ்சது மலாய்ல எழுதுறப்ப காணாம போகாது.

கித்தா_பேரன்:

சார் மன்னிக்கணும், எனக்கு இது ஒத்து வரல. ஆறாம் ஆண்டு யூபிஎஸ்ஆர் சோதனைய 2021லயும் படிவம் மூணு பிடி3 சோதனைய 2022லயும் எடுத்தாங்களே, சோதனைக்காக ஒப்பிக்கிற படிப்பு வேணாம்னுதானே? தகவல் எல்லாம் போன்ல ரெண்டு செகண்ட்ல கிடைக்குது, அத எதுக்குத் தலையில ஏத்தணும்? நான் ஸ்கூல்ல ரோத்தான் பிரம்பால அடி வாங்கி மனப்பாடம் பண்ணது ஒன்னுகூட இப்ப ஞாபகம் இல்ல. என் புள்ளைக்கு அந்தக் கொடுமை வேணாம்னுதான் நெனைக்கிறேன்.

செம்பனை_மண்டோர்:

படிப்பு விஷயத்துல நான் பேசக் கூடாதுதான், ஆனா நான் மண்டோரா, அதான் ஆளுங்கள மேய்க்கிறவனா, இருக்கிற செம்பனைத் தோட்டத்துல பாத்தத சொல்றேன். புதுசா வேலைக்கு வர்ற பையன் மரத்தடியில நின்னு அண்ணாந்து பாத்துக்கிட்டே இருப்பான், எது வெட்டணும்னு தெரியாது, பழுக்காத கருப்புக் குலைய வெட்டிப் போட்டு கணக்கு எழுதுற கிராணிகிட்ட ஏச்சு வாங்குவான். எனக்கு மொதல்ல கண்ணு தரைக்குத்தான் போகும், பழுத்த குலையில இருந்து உதிரிப் பழம் விழுந்திருக்கான்னு, அப்புறம் மேல ஒரு பார்வை, முடிஞ்சுது. அவனுக்குக் கவனம் இல்லாம இல்ல, என்னவிட அதிகமாவே உத்துப் பாக்குறான், எத பாக்கணும்னு தெரியல. தம்பி, அத போன்ல தேடிக்கிட்டே வெட்ட முடியுமா?

இன்னொன்னு. உரம் விக்கிறவன் வந்து இத போட்டா மூணு மாசத்துல காய்ப்பு ரெட்டிப்பாகும்னு சொன்னா நான் நம்ப மாட்டேன், ஏன்னா பூ வந்து குலை பழுக்கவே அஞ்சாறு மாசம் ஆகும்னு தெரியும். ஆனா இனிப்புநீருக்கு, அதான் சக்கரை வியாதிக்கு, இந்த எலை போதும், மருந்த நிறுத்திருங்கன்னு வாட்ஸ்அப்ல வந்தத நம்பி நாலு பேருக்கு அனுப்பிட்டேன், நர்ஸா இருக்கிற அண்ணன் மகதான் கூப்புட்டு நிறுத்துனா. ஒரே ஆளுதான், ஒரே மூளைதான். தெரிஞ்ச எடத்துல சந்தேகம் தானா வருது, தெரியாத எடத்துல வரவே மாட்டேங்குது.

தஞ்சோங்மாலிம்_மாணவி:

மண்டோர் அண்ணே சொன்னது எங்க உளவியல் பாடத்துல அப்படியே இருக்கு! 1973ல சேஸ், சைமன்னு ரெண்டு பேர் சதுரங்கத்த வச்சு செஞ்ச ஆராய்ச்சி, ஆட்டத்துல இருந்து எடுத்த காய் வரிசைய அஞ்சு செகண்ட் காட்டி மறைச்சா மாஸ்டர் ஆட்டக்காரர் நெறைய காய அதே எடத்துல வச்சிருவாரு, புதுசா ஆடுறவரால முடியாது. ஆனா காய்ங்கள இஷ்டத்துக்குக் கலைச்சு வச்சா மாஸ்டரும் புது ஆளு மாதிரிதான். அவருக்கு ஞாபக சக்தி தனியா கிடையாது, பல காய ஒரே கூட்டமா பாக்கத் தெரிஞ்சிருக்கு.

பேரன் அண்ணாவுக்கு, ஒரே நேரத்துல மனசுல புதுசா ஏறக்குறைய நாலு விஷயத்தத்தான் பிடிச்சு வைக்க முடியும்னு இப்ப சொல்றாங்க, முன்னாடி ஏழுன்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க. ஒரு பத்தியில பத்து வார்த்தைக்கு அர்த்தம் போன்ல தேடுனா அந்த நாலு எடமும் அதுக்கே போயிரும், யோசிக்க எடம் ஏது? ஆனா அர்த்தம் புரியாம ஒப்பிச்சது நிக்காதுன்னு நீங்க சொல்றது சரிதான், உங்களுக்கு மறந்ததுக்குக் காரணமே அதுதான், வாத்தியார் சாரும் அப்படி ஒப்பிக்கச் சொல்லலையே.

அக்கா, படிக்கிற நேரம் போன் வேற அறையில இருக்கட்டும். ஒவ்வொரு தடவ டிங்குன்னு சத்தம் வந்து போனா, விட்ட எடத்துல இருந்து திரும்பப் பிடிக்க நேரம் ஆகும்.

சிப்புட்_அம்மா:

எல்லாருக்கும் நன்றிங்க, கிளாஸ்ல சேக்கல. நடந்தத சொல்லணும். வாத்தியார் சார் சொன்னதப் படிச்சிட்டு நேத்து ராத்திரி அவன என் மாமியார்கிட்ட உக்கார வச்சேன், போன் குசினியில. அவங்களுக்கு 84 வயசு, அப்ப சின்னப் புள்ள. தோட்டத்து ஆளுங்க குடியிருந்த லயத்தச் சுத்தி முள்ளுவேலி போட்டது, அரிசி அளந்து குடுத்தது, ரப்பர் பால் வெட்டப் போறவங்க சோறு எடுத்துட்டுப் போகக்கூடாதுன்னு கேட்ல நிறுத்தி வாளியெல்லாம் தொறந்து பாத்தது எல்லாம் சொன்னாங்க. இத்தனை வருஷம் ஒரே வீட்டுல இருக்கோம், நாங்க யாரும் இத கேட்டதே இல்ல, எனக்கு அழுகையே வந்துருச்சு.

சோறு ஏன் கூடாதுன்னு அவன் கேட்டான். ஆயா பதில் சொல்றதுக்குள்ள அவனே, காட்டுக்குள்ள இருக்கிற கம்யூனிஸ்ட்காரங்களுக்குப் போயிரும்னுதானேங்கிறான். அப்புறம் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, தோட்டத்துல வேலை நின்னா கம்யூனிஸ்ட்காரங்களுக்கு லாபம், ஆனா பட்டினி கெடக்கிறது ஆயா வீடுதானே, அப்ப தோட்டத்து ஆளுங்க யார் பக்கம் இருந்தாங்கன்னு கேட்டான். மாமியார் ரெண்டு பக்கமும் பயம்தாண்டானாங்க. எனக்குச் சொல்லத் தெரியல. சார், இத அவன் படிக்க தமிழ்லயோ மலாய்லயோ என்ன இருக்கு? அன்னைக்குத் தொரையச் சுட்ட எல்பில் தோட்டத்துப் பக்கம் அந்தக் காலத்து ஆளுங்க யாராச்சும் இருந்தாலும் சொல்லுங்க, சனிக்கிழமை போயி கேக்கணும்னு நிக்கிறான்.